காசநோய்க்கு மருந்து வாங்கச் சென்ற தம்பியிடம் எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்கிறார்கள், அவன் மறுக்கிறான்

கேள்வி: கொருக்குப்பேட்டை அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் கிடங்குகளுக்கும், சில நேரங்களில் வெளிமாநிலங்களுக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். விடாத இருமலும் மாலை நேரத்துக் காய்ச்சலுமாக உடம்பு இளைத்துக்கொண்டே போனதால் நாங்கள்தான் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றோம். சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று உறுதிசெய்து, மாத்திரையும் தொடங்கிவிட்டார்கள். அதுவரை அவன் எதையும் மறுத்துப் பேசவில்லை. சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வருமாறு சீட்டு எழுதிக் கொடுத்த அன்றுதான் பிரச்சினை தொடங்கியது. சர்க்கரைக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றொரு சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

“லாரி ஓட்டுகிறவன் என்பதால்தானே என்னிடம் கேட்கிறார்கள்?” என்பது அவனுடைய முதல் கோபம். அவன் மனைவிக்குக் கர்ப்ப காலத்தில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் இதே பரிசோதனையைச் செய்து “இல்லை” என்று சொன்னார்கள். அவளுக்கு இல்லையென்றால் தனக்கு மட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்கிறான். குழந்தைக்கு இப்போது இரண்டு வயதாகிறது. பரிசோதனை அறைக்குள் நுழைவதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தாலே போதும், லாரி ஸ்டாண்டு முழுவதும் பேச்சாகிவிடும் என்ற பயமும் அவனுக்கு இருக்கிறது. எங்கள் பகுதியில் காசநோய் புதிதல்ல; எத்தனையோ பேர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகியிருக்கிறார்கள். அப்படியிருக்க இந்தப் பரிசோதனை உண்மையிலேயே அவசியமா? செய்துகொள்ளாவிட்டால் காசநோய் மருந்தை நிறுத்திவிடுவார்களா? அவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நம்பிக்கை மைய ஆலோசகர்

சகோதரி, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் பணிபுரிகிறேன். உங்கள் தம்பியின் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். காசநோய் உறுதியான எல்லோரிடமும் இந்தப் பரிசோதனையைக் கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்தாலும், வங்கி மேலாளராக இருந்தாலும், எழுபது வயதுப் பாட்டியாக இருந்தாலும், காசநோய்ப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் சர்க்கரை இருக்கிறதா, எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு சிகிச்சை செய்ய வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான நடைமுறை. லாரி ஓட்டுநர்களுக்கென்று தனியாக விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்படுவது உண்மைதான். அந்த முகாம்களைப் பார்த்துப் பழகியவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தச் சீட்டு அவருடைய தொழிலைப் பார்த்து எழுதப்பட்டதன்று, அவருடைய சளிப் பரிசோதனை முடிவைப் பார்த்து எழுதப்பட்டது.

காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடலில் எந்தத் தொந்தரவும் தராமல் அடங்கிக் கிடக்கிறது. எச்.ஐ.வி. இல்லாதவருக்கு அது நோயாக வெளிப்படும் வாய்ப்பு, வாழ்நாள் முழுவதையும் சேர்த்தே 5 முதல் 10 சதவீதம்தான். எச்.ஐ.வி. இருந்து அதற்குச் சிகிச்சை எடுக்காதவருக்கோ ஓராண்டுக்கே ஏறக்குறைய 10 சதவீதம். அதனால்தான் எச்.ஐ.வி. இருப்பது தெரியாமலேயே பல ஆண்டுகள் நலமாக நடமாடிய சிலருக்குக் காசநோயே முதல் அடையாளமாக வந்து நிற்கிறது. அதே நேரத்தில், ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீடும், தூசியும் புகையும், நேரத்துக்குச் சாப்பிடாத வேலையும் இருந்தால் காசநோய் வருவதற்கு எச்.ஐ.வி. தேவையே இல்லை. காசநோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு “இல்லை” என்றுதான் முடிவு வருகிறது. உங்கள் தம்பிக்கும் அப்படியே வரலாம். ஆனால் ரத்தத்தைப் பரிசோதிக்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள், ஏனெனில் அவசியமா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. இரண்டு நோயும் ஒன்றாக இருந்தால், காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தையும் தொடங்கச் சொல்கிறார்கள். மூளைக் காசநோய் போன்ற நிலைகளில் மட்டும் மருத்துவர் சற்றுப் பொறுத்துத் தொடங்குவார். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. காசநோய் மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் வருவது. அந்த ரிஃபாம்பிசின், கூட்டு மருந்திலுள்ள டொலுடெகிராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே வழக்கமாக நாளுக்கு ஒருமுறை தரும் அந்த மருந்தைக் காசநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரங்கள் ஆகும்வரை இருமுறை தர வேண்டியிருக்கிறது. நிலை தெரியாத மருத்துவர் இதையெல்லாம் எப்படி முடிவு செய்வார்? எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் இறப்புக்கு உலக அளவில் முதன்மைக் காரணமாக இன்றும் இருப்பது காசநோய்தான். “ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கை, எச்.ஐ.வி. இல்லாதவருக்கும், இருந்து அதற்கான மருந்தையும் சேர்த்து எடுப்பவருக்கும்தான் பொருந்தும்.

மருந்தை நிறுத்திவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017இன்படி, விளக்கம் சொல்லி ஒப்புதல் பெறாமல் யாருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது; பரிசோதனை செய்துகொண்டால்தான் மருத்துவம் பார்ப்போம் என்றும் சொல்லக் கூடாது. ஆகவே இது முழுக்க முழுக்க அவருடைய முடிவு. மருந்து நின்றுவிடும் என்று பயமுறுத்தி அழைத்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி வருகிறவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவை வாங்காமலேயே போய்விடுகிறார்கள்.

பதில்: காசிமேட்டுக்காரன்

அக்கா, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் அடிக்கடி ரத்ததான முகாம் நடக்கிறது. அங்கே ரத்தம் கொடுத்தால் எச்.ஐ.வி. உட்பட எல்லாவற்றையும் அவர்களே பார்த்துவிடுகிறார்கள், ஏதேனும் இருந்தால் அழைத்துச் சொல்வார்கள். எந்த அறைக்குள்ளும் நுழைய வேண்டாம், யாரும் தவறாகவும் நினைக்க மாட்டார்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் வேறு பகுதியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் பணம் கட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்

மேலே காசிமேட்டுத் தம்பி நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் ரத்ததான யோசனையை யாரும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ரத்ததானமே செய்யக் கூடாது என்பதால் இந்தத் தம்பியைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தானமாக வரும் ஒவ்வொரு அலகு ரத்தத்தையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி மற்றும் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கிறார்கள் என்பது சரி. ஆனால் கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் பரிசோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ரத்தம் கொடுத்தால் பரிசோதனை “இல்லை” என்று சொல்லும். ரத்தமோ இன்னொருவர் உடம்புக்குள் போய்விடும். தனக்கு இருக்குமோ என்ற ஐயம் யாருக்கு இருக்கிறதோ, அவர்தான் கட்டாயமாக ரத்ததானம் செய்யக் கூடாதவர். ஏற்றும் ரத்தத்தில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்த எவரும் மறந்திருக்க முடியாது.

அந்த இடைவெளி எவ்வளவு என்பது பரிசோதனையின் வகையைப் பொறுத்தது. உடலில் உருவாகும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் பரிசோதனைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். கிருமியின் ஒரு பகுதியான பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள்ளேயே காட்டிவிடும். எனவே “இல்லை” என்ற முடிவு, அந்த நாளுக்குச் சில வாரங்கள் அல்லது மாதங்களுக்கு முந்தைய நிலையைத்தான் சொல்கிறது. தம்பி மனைவியின் முடிவும் இப்படித்தான். இரண்டு ஆண்டுகளுக்கும் முன்பு செய்த பரிசோதனை அப்போதைய அவருடைய நிலையைச் சொன்னது. இன்றைய அவருடைய நிலையையோ, அன்றோ இன்றோ கணவருடைய நிலையையோ அது சொல்லாது. ஒருவருக்கு இருந்து இணையருக்கு இல்லாத தம்பதிகள் ஏராளம். மனைவியின் ரத்தத்தைப் பரிசோதித்துக் கணவனுக்கு முடிவு எழுதும் ஆய்வகம் எங்கும் கிடையாது.

தனியார் நிலையத்தில் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே ஒரே ஒரு பரிசோதனையைச் செய்து தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் முதல் பரிசோதனையில் “இருக்கிறது” என்று காட்டினால், வெவ்வேறு முறையில் செயல்படும் இன்னும் இரண்டு பரிசோதனைகளையும் செய்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே உறுதியாகச் சொல்கிறார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை. ஒரு பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழுதுவிட்டு, காலையில் எங்களிடம் வந்து மூன்றிலும் “இல்லை” என்று தெரிந்து திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்ததே நம் ஊரில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டன. மாதிரி கொடுத்தவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள். அன்று அந்தப் பெண்கள் மீது விழுந்த பழிச்சொல், நோயைத் தாண்டிப் பரிசோதனையின் மீதும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது என் கருத்து. சர்க்கரைச் சீட்டை நீட்ட முடிந்தவருக்கு மற்றச் சீட்டை நீட்ட முடியாமல் போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பதில்: திருவொற்றியூர் வாசி

நான் எச்.ஐ.வி.யோடு வாழ்பவன். 2012ஆம் ஆண்டு எனக்கும் காசநோய்தான் முதலில் வந்தது, அதன் தொடர்ச்சியாகவே இதுவும் தெரியவந்தது. அப்போதெல்லாம் காசநோய் போன்ற சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கு, ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களான சி.டி.4 எண்ணிக்கை 350க்குக் கீழே இறங்கும்வரை கூட்டு மருந்து தர மாட்டார்கள். பரிசோதனை செய்துகொண்டு, “இருக்கிறது” என்ற செய்தியை மட்டும் சுமந்துகொண்டு காத்திருந்தவர்கள் என் கூட்டத்திலேயே பலர் உண்டு. “தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்று அன்று யாராவது கேட்டால் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. 2017 முதல் அந்த நிலை இல்லை. எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், உறுதியான உடனே மருந்து தொடங்கலாம், அதுவும் இலவசமாக.

எனக்குத் தெரியவந்த நாளில் என் மனைவிக்கும் பரிசோதனை செய்தோம்; அவளுக்கு இல்லை. இன்றுவரை இல்லை. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவின் வழியே இணையருக்கு அது பரவாது என்பது இப்போது உறுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிவியல். அக்கா, உங்கள் தம்பி தன் மனைவியின் முடிவைக் காட்டித் தன் பரிசோதனையைத் தவிர்க்கிறார். நானோ என்னுடைய முடிவு தெரிந்ததால்தான் என் மனைவியைப் பாதுகாக்க முடிந்தது. இந்த ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். மற்றக் காரணங்களைவிட இது அவருடைய மனதைத் தொடக்கூடும்.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தைத் தயவுசெய்து சிறிதாக எண்ண வேண்டாம். சட்டம் இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் நம் தெருவில் குடியிருப்பதில்லை. நான் அந்தக் காரணத்துக்காகவே வீட்டுக்கு அருகில் பரிசோதிக்காமல், வடக்கிலிருந்து தெற்கே தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை வரை போனேன். மருந்தும் சில ஆண்டுகள் அங்கேயே வாங்கினேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது, பிறகு மனம் தெளிந்து அருகிலுள்ள மையத்துக்கு மாற்றிக்கொண்டேன். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு இப்போது இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே தருகிறார்கள். உங்கள் தம்பிக்கு வீட்டருகே போகக் கூச்சமாக இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். வள்ளலார் நகர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அவ்வளவு பெரிய மருத்துவமனைக்குள் யார் எதற்கு வந்தார் என்று கேட்பவர் யாருமில்லை. முதலில் பேசித் தெளிய வேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா

பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. காசநோய் வந்த எல்லோரிடமும் கேட்கிறார்கள் என்பதை அவன் முதலில் நம்பவில்லை. மாத்திரை வாங்க வந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் அவனே கேட்டு, அவரும் செய்துகொண்டதாகச் சொன்ன பிறகு கோபம் தணிந்துவிட்டது. திருவொற்றியூர் அண்ணன் எழுதியதை அவன் கையில் கைப்பேசியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். திங்கட்கிழமை ஸ்டான்லிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறான்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முடிவு எப்படி வந்தாலும் அவன் எங்களிடம் மறைத்துவிடுவான் என்று அம்மா பயப்படுகிறார்கள். ஆகவே நான் பின்னர் தனியாக வந்து கேட்டால் ஆலோசகர் என்னிடம் சொல்வாரா? அவன் மனைவிக்கு இப்போதைக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறோம், அது சரியா?

பதில்: நம்பிக்கை மைய ஆலோசகர்

முதல் கேள்விக்கு: சொல்ல மாட்டார். அக்காவாக இருந்தாலும், அம்மாவே வந்து கேட்டாலும் முடிவு அவரிடம் மட்டுமே தெரிவிக்கப்படும். உங்களையும் உடன் வைத்துக்கொண்டு பேசலாம் என்று அவரே ஒப்புக்கொண்டால் மட்டும் நீங்கள் உள்ளே அமரலாம். இது உங்களுக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எதை நினைத்து அவர் அந்த அறைக்கு வர அஞ்சினாரோ அதையே வேறு வழியில் நாங்கள் செய்துவிடக் கூடாதல்லவா? அம்மாவிடம், “அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்” என்று இப்போதே பேசிவைத்துவிடுங்கள். திங்கட்கிழமை மாலையே வீட்டில் விசாரணை தொடங்கினால் அவர் அடுத்த முறை மாத்திரை வாங்கவும் வர மாட்டார்.

மனைவி விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. பரிசோதனைக்கு முன்பு அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது தம்பியின் விருப்பம். “இல்லை” என்று வந்தால் அதோடு முடிந்தது. “இருக்கிறது” என்று வந்தால், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதை அவரோடு உட்கார்ந்து பேசுவதே எங்கள் வேலையில் பெரும்பகுதி. பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று சந்திப்புகளில் தாமாகவே மனைவியை அழைத்து வந்துவிடுகிறார்கள். எவ்வளவு பேசியும் சொல்ல மறுத்து, அதனால் மனைவிக்குத் தொற்றும் அபாயம் இருக்கிறது என்று தெரிந்தால், தெரிவிக்கப்போவதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ மனைவியிடம் நேரில் தெரிவிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணிடம் மறைப்பது என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் போக வேண்டாம். அவருக்கும், தேவைப்பட்டால் குழந்தைக்கும் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு வர வேண்டிய அவசியமில்லை. அந்தச் சீட்டையும் காசநோய்ச் சிகிச்சை அட்டையையும் கொண்டு வரட்டும். முகக்கவசம் அணிந்து வரட்டும், அது காசநோய்க்காக. முதலில் ஆலோசகர் அவரிடம் தனியாகப் பேசுவார், பிறகு ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். கடந்த மூன்று மாதங்களுக்குள் ஏதேனும் அபாயம் நேர்ந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றினால், அதை ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். “இல்லை” என்று வந்தாலும் மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று அதை வைத்துத்தான் குறித்துக் கொடுப்பார்கள்.